நட்சத்திர நோட்டு யார் கைக்குப் போகிறது?

அமெரிக்காவில் கேசினோ சிப் சேகரிப்பவர்களுக்கு 1988லிருந்தே தனிச் சங்கம் இருக்கிறது. அந்த உலகத்தில் அடிக்கடி வருகிற சண்டை இது. கேசினோ ஒரு சிப்பைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுகிறது. வெளியே இருப்பவர் வரிசைக்கு வருவதற்குள், உள்ளே வேலை செய்பவர் முகமதிப்பைக் கட்டி ஒரு கைப்பிடி எடுத்து, பல மடங்கு விலைக்கு விற்கிறார். கல்லாவில் ஒரு பைசா குறையவில்லை. அப்போ இது திருட்டா?

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. ஆனால் இதே கேள்வி நம்ம ரூபாய் நோட்டிலும் இருக்கு.

அச்சில் ஒரு நோட்டு பழுதானால் முன்பெல்லாம் அதே எண்ணில் இன்னொன்று அடித்துக் கட்டில் வைப்பார்கள். 2006ல் ரிசர்வ் வங்கி 10, 20, 50 ரூபாய் நோட்டுகளுக்கு இதை மாற்றியது. பழுதானதற்குப் பதிலாக வேறு எண், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு நட்சத்திரம். சேகரிப்பவர்கள் இதற்கு அலைகிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நட்சத்திர நோட்டு உள்ள கட்டின் பட்டையிலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கும். அதாவது பிரிக்காமலே தெரியும், ஆனால் கவுன்டருக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டும்.

786 எண்ணும் அப்படித்தான். வரிசையான 1000 நோட்டில், அதாவது பத்துக் கட்டில், 786ல் முடிவது சரியாக ஒன்று. அது எந்தக் கட்டில் என்று கண்டுபிடிக்க முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

"நான் பத்து ரூபாய் வைத்துத்தானே எடுத்தேன்" என்று காசாளர் சொல்லலாம். கணக்குப்படி சரி. ஆனால் அவர் விற்பது நோட்டை இல்லை, பட்டையை முதலில் பார்க்கும் இடத்தை. அந்த இடம் சம்பளத்தோடு வந்தது, அவருடைய சொத்து கிடையாது. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புது நோட்டு கேட்டு மீஞ்சூரில் வரிசையில் நிற்பவரும் அதே கட்டுக்குத்தான் காத்திருக்கிறார்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1948 ஆகஸ்ட் 15ல் வந்த காந்தி தபால்தலையில், கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட பத்து ரூபாய்த் தலை 100 மட்டுமே. அப்போது பதவியில் இருந்தவர் ராஜாஜி. தபால் ஆபீஸில் அது விற்பனைக்கே வரவில்லை. ஆனாலும் 2017ல் நான்கு தலை கொண்ட ஒரு துண்டு 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. விற்பனைக்கு வராத பொருள் தனியார் கையில் இருந்தால், உள்ளிருந்த யாரோ கொடுத்திருக்க வேண்டும். அன்பளிப்பாகவே இருக்கட்டும். அதை யாரும் கேட்பதில்லை, விலையை மட்டும்தான் கேட்கிறோம். அமெரிக்க அரசு கேட்டது. 1933ன் 20 டாலர் தங்கக் காசு பத்து ஒரு குடும்பத்திடம் இருந்ததற்கு நீதிமன்றம் வரை போய், நாணயச் சாலையை விட்டு அவை முறையாக வெளியேறவே இல்லை என்று சொல்லி ஜெயித்தது.

நோட்டு வாங்குகிறவர்கள் ஒன்று பார்க்கலாம். மடிப்பு விழுந்த ஒற்றை நட்சத்திர நோட்டு சில்லறையில் பொறுக்கியதாக இருக்கலாம். பட்டை பிரியாத கட்டுகள் ஒரே ஆளிடம் மாதாமாதம் வந்தால், அவருக்கு எந்தக் கிளையில் யாரைத் தெரியும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.