வானூர்தியாளர் வரலாறும் ஆவணப் பேணலும்

வரலாறு என்பது அரசர்தம் போரும் ஆட்சியும் மட்டுமன்று. ஒரு தொழிலிற் பாடுபட்ட மாந்தரின் வாழ்வும் வரலாறேயாகும். வானூர்தித் தொழிலின் ஆவணங்கள் எவர் பெயரைக் காத்தன, எவர் பெயரை விடுத்தன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடிகளின் ஆவணங்கள் பெரும்பாலும் நன்கு பேணப்பட்டுள்ளன. 1929ஆம் ஆண்டில் இந்தியாவின் முதலாவது விமானி உரிமத்தைப் பெற்றவரும், 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானஞ் செலுத்தியவருமாகிய ஜே. ஆர். டி. டாட்டாவின் கடிதங்களும் நிழற்படங்களும் புனே நகரிலுள்ள டாட்டா மத்திய ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

நம் வன்னிநாட்டிற்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. இரண்டாம் உலகப்போரின்போது வவுனியாவில் விமானத்தளம் அமைந்தது. 1943ஆம் ஆண்டிற் பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் அணிகள் பியூபோட் விமானங்களுடன் ஈண்டுத் தங்கின. அவ்வணிகளின் செயற்பாட்டுப் பதிவேடுகள் இலண்டனைச் சார்ந்த கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், ஏ.ஐ.ஆர். 27 என்னுந் தொகுதியில் உள்ளன. 540ஆம் இலக்கப் படிவம் அணியின் நாளாந்த நிகழ்ச்சிகளைச் சுருக்கிக் கூறும். 541ஆம் இலக்கப் படிவம் ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் வகை, இலக்கம், அதிற் சென்றார் பெயர், எழுந்த நேரம், இறங்கிய நேரம் என்பனவற்றை உரைக்கும். ஆதலின், வவுனியாவிலிருந்து எழுந்த பியூபோட் ஒன்றிற் சென்ற நால்வரையும் எண்பதாண்டு கழிந்த பின்னரும் பெயர் சுட்டி அறிதல் கூடும்.

ஆயின், அத்தளத்துக்காகக் காடு வெட்டியோரையும் கல் சுமந்தோரையும் அப்பதிவேட்டிலே தேடுதல் பயனற்றது. அது பறப்பினைக் குறிக்க எழுந்ததேயன்றிக் கூலியாளரைக் குறிக்க எழுந்ததன்று. இஃது எழுதினார் குற்றமன்று. படிவத்தின் இயல்பு என்க. தொழிலாளர் வாழ்வை அறியச் சம்பளச் சிட்டை, சேவைச் சான்றிதழ், நிழற்படம் ஆகியனவே துணையாவன. அவை அரசின் காப்பகத்திலன்றி வீட்டுப் பெட்டகத்தில் இருப்பவை. வன்னியிலோ, 2009ஆம் ஆண்டுவரை நிகழ்ந்த இடப்பெயர்வுகளில் வீட்டோடு பெட்டகத்தையும் இழந்தார் பலர்.

எனவே, எஞ்சியவற்றையேனுங் காத்தல் நம் கடனாகும். போர்க்காலத் தளத்திற் பணிபுரிந்தோரின் மக்களும் பேரரும், 1947ஆம் ஆண்டிற் பறப்பைத் தொடங்கிய எயார் சிலோனில் ஊழியஞ்செய்த முதியோரும் நம்மூர்களில் இருத்தல் கூடும். மாணவர் அவர்களை அணுகி, கூறுவதைக் கேட்டெழுதுக. படத்தின் பின்புறத்திலே பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலாற் குறித்து வைக்குக. மூலத்தை உரியவரிடமே விடுத்து, அவர்தம் இசைவுடன் எடுத்த படியை, 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிமக் காப்பகத்திற்கு அளித்தலும் தகும். பறந்தவர் பெயரைக் கியூ காத்துள்ளது. பாதை சமைத்தவர் பெயரைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.