வீட்டில் டயாலிசிஸ்: நீர் கலங்கினால் காத்திருக்காதீர்கள்

வாரம் மூன்று முறை மையத்துக்குச் செல்லாமல், வயிற்றுவழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் நம்மிடையே உள்ளனர். வேலைக்குச் செல்வோருக்கும் மையங்களுக்குத் தொலைவில் வசிப்போருக்கும் இது வசதியானது. ஆனால், தாதி பக்கத்தில் இல்லாதபோது சிக்கல் வந்தால் அதை முதலில் சமாளிக்க வேண்டியவர்கள் நோயாளியும் குடும்பத்தாரும்தான்.

இச்சிகிச்சையில், வயிற்றில் பொருத்தப்பட்ட மென்மையான குழாய் வழியாகச் சுமார் 2 லிட்டர் கரைசல் உள்ளே விடப்படுகிறது. சில மணி நேரத்தில் அது ரத்தத்திலுள்ள கழிவையும் மிகையான நீரையும் ஈர்த்துக்கொள்ளும். பிறகு அதை வெளியேற்றிப் புதுக் கரைசல் விட வேண்டும். பொதுவாக ஒரு நாளில் நான்கு முறை மாற்றுவார்கள். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் கிருமி உள்ளே போக வாய்ப்புண்டு. கைகழுவுவது, முகக்கவசம் அணிவது, மின்விசிறியை நிறுத்துவது, ஜன்னலை மூடுவது எல்லாம் அதற்காகத்தான்.

நீர் கலங்கியிருந்தால்

வெளியேறிய நீர்ப் பையை நாளிதழின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். நீர் கலங்கித் தெரிந்தால் வயிற்று உள்சவ்வில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி சேர்ந்து வரலாம். வலியே இல்லாமலும் இருக்கலாம்.

“நாளை வரை பார்ப்போம்” என்று இருந்துவிடாதீர்கள். அன்றே, இரவானாலும், மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். கலங்கிய பையைக் கொட்டாமல் எடுத்துச் செல்லுங்கள். அதைப் பரிசோதித்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாகவே விழுங்க வேண்டாம். சிகிச்சை தாமதமானால் குழாயை அகற்ற நேரிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழாய் முனை எதிலாவது பட்டுவிட்டால்

உங்கள் குழாயின் முனை கையிலோ துணியிலோ பட்டால் கரைசலை உள்ளே விடாதீர்கள். கிளாம்பை மூடி, புதிய மூடியைப் பொருத்தி, தாதியை அழையுங்கள். பட்டது புதிய பையின் முனை என்றால் அந்தப் பையை ஒதுக்கிவிட்டு வேறு பையை எடுங்கள். குழாயில் வெடிப்போ ஓட்டையோ தெரிந்தால், அதற்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் கிளாம்ப் போட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீர் வடியாவிட்டால்

கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். பை வயிற்றைவிடத் தாழ்வாக இருக்கட்டும். எழுந்து நடந்தோ, புரண்டு படுத்தோ பாருங்கள். மலச்சிக்கலும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். வெள்ளை இழைகள் குழாயை அடைப்பதும் உண்டு. அப்போதும் வடியாவிட்டால், அடுத்த பையை உள்ளே விடாமல் தாதியை அழையுங்கள்.

உடல் தரும் எச்சரிக்கை

தினமும் எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். எடை திடீரெனக் கூடி, கால் வீங்கினால் உடலில் நீர் தேங்குகிறது. தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் இருந்தால் நீர் அளவுக்கு மீறி வெளியேறியிருக்கலாம். எதுவானாலும், கரைசலின் வீரியத்தைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999-ஐ அழையுங்கள்.

முன்கூட்டியே தயாராக

தண்ணீர்த் தடை நம் ஊர்களில் புதிதல்ல. கைகழுவச் சுத்தமான நீரையும் கைகளுக்கான கிருமிநாசினியையும் தயாராக வைத்திருங்கள். வெள்ளம் வரும் பகுதி என்றால், பைகளைத் தரையில் அடுக்காமல் உயரமான இடத்தில் வையுங்கள். இயந்திரம் பயன்படுத்துவோர், மின்தடையின்போது கையால் மாற்றும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைப் பிரிவின் எண்ணையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் பைகள் இருக்கும் இடத்திலேயே ஒட்டி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இவை தெரிந்திருக்கட்டும். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், மூடுங்கள், அழையுங்கள். எந்த நேரத்தில் அழைத்தாலும் அது தொந்தரவு ஆகாது.