மலையேறும் முன் காருக்குக் கீழே பாருங்கள்: பழைய காரில் ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது?

வார இறுதியில் ஜவ்வாது மலை ஏறும் கார்கள் எல்லாமே புதுசு இல்லை. காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க ஆலங்காயம் வழியாகவும், பீமன் அருவிக்குப் போக போளூர், ஜமுனாமரத்தூர் வழியாகவும் ஏறும் வண்டிகளில் அப்பா காலத்து மாருதி 800-ம் இருக்கும், செகண்ட் ஹாண்டில் எடுத்த பழைய சான்ட்ரோவும் இருக்கும். 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆக, இருப்பதிலேயே இளைய 800-க்கும் பத்து வயதுக்கு மேல். இந்த வயது இன்ஜினில் அங்கங்கே ஆயில் ஈரம் தெரிவது சகஜம். சமவெளியில் அதோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம். மலையில் கணக்கு வேறு.

இரண்டாம் கியரில் நிமிடக்கணக்கில் ஏறும்போது இன்ஜின் கொதிக்கிறது. சூட்டில் ஆயில் இளகி, சமவெளியில் கசியாத இடுக்கிலும் கசியும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிவாயு கீழே இறங்குவதால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, சீல்களை வெளியே தள்ளப் பார்க்கும். மூன்றாவது விஷயம்தான் ஆபத்தானது. ஏற்றத்திலும் வளைவிலும் சேம்பரில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு ஏற்கெனவே குறைவாக இருந்தால், ஆயில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அந்தச் சில விநாடிகளில் பேரிங்குகள் ஆயில் படலம் இல்லாமல் உரசுகின்றன. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கி மறைவது அப்போதுதான்.

முதலில், அது இன்ஜின் ஆயில்தானா?

இரவு காரை நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் கறை பேசும். பழுப்பு அல்லது கருப்பில் வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். இன்னும் கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, நிம்மதியாக இருங்கள். சக்கரத்துக்கு உள்பக்கம் மெலிதான, வழுக்கும் திரவம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை மலைக்கு மட்டுமல்ல, தெருமுனைக்குக்கூட எடுக்க வேண்டாம்.

அட்டையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா? அப்படியானால் ஆயில் உள்ளேயே எரியலாம். மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் இறங்குவோம் இல்லையா, அப்போது உள்ளே உருவாகும் உறிஞ்சு விசை, தேய்ந்த வால்வு சீல்கள் வழியாக ஆயிலை இழுக்கும். இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை வரும். எந்த பேக்கிங்கை மாற்றினாலும் இது சரியாகாது.

சொட்டும் இடமும் கசியும் இடமும்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஆயில் மேலே கசிந்து, இன்ஜின் உடம்பில் வழிந்து, ஓடும்போது காற்று தள்ளியதில் பின்பக்கம் ஒதுங்கி, கடைசியில் சேம்பரின் தாழ்வான முனையில் சொட்டும். கீழே இருந்து பார்த்தவர், “சேம்பர் பேக்கிங் போயிருச்சு சார்” என்பார். சேம்பரைக் கழற்றி மாற்றுவார்கள். மறு வாரமே அதே இடத்தில் சொட்டும், ஏனென்றால் குற்றவாளி மேலே இருக்கும் டேப்பட் கவர்.

வழி எளிது. ஆனால் பல இடங்களில் பொறுமையாகச் செய்வதில்லை. ஆறிய இன்ஜினை டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். சந்தேகமுள்ள இணைப்புகளைச் சுற்றி முகத்துக்குப் போடும் சாதாரண பவுடரைத் தூவலாம். பெல்ட் ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான பவுடரில் மிக உயரத்தில் இருக்கும் புள்ளி எது? தேடல் அங்கிருந்து தொடங்க வேண்டும். பெரிய ஒர்க் ஷாப்களில் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். தத்துவம் ஒன்றுதான்.

டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தால், ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாய் மீது விழுந்து கருகிய வாடை வரும். மலிவான வேலைதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, தீ அபாயம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் அதன் ரப்பர் ஓ-ரிங்கைப் பாருங்கள். சில ரூபாய் சாமான். சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது என்றால், டிரெயின் நட்டின் வாஷரும் ஃபில்டரும் முதல் சந்தேகம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவதும் நடக்கும்.

செலவு வைப்பது கிராங்க் சீல்கள். முன்பக்க சீல் கசிந்தால் டைமிங் பெல்ட் ஆயிலில் ஊறிக் கெடும். பின்பக்க சீல் கசிந்தால் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும், கிளட்ச் வழுக்கலாம். சீல் விலை ஒன்றுமில்லை. கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பில். அதனால் இந்த வேலைக்குத் தலையாட்டும் முன் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய அம்பாசடர் இதில் தனி ரகம். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வகை. கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு போன்ற பள்ளம்தான் உண்டு. சுழற்சி நின்றால் அந்த வேலையும் நிற்கும். மேட்டில் நிறுத்தினால் நாலு சொட்டு விடுவது அதன் பிறவிக்குணம்.

புது சீலும் ஒழுகுகிறதா?

ப்ரீதரைப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வும் குழாயும் கசடால் அடைத்தால், அழுத்தம் வேறு வழி தேடும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். மூடி துள்ளினால், புகை புஸ்ஸென்று வந்தால், ப்ரீதர் அடைத்திருக்கிறது அல்லது ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அதைச் சரி செய்யாமல் சீல் மாற்றினால் சில மாதங்களில் மறுபடி அதே ஒர்க் ஷாப்தான்.

கசியும் கவரை இன்னும் இறுக்குவதும் தீர்வல்ல. கவர் வளையும், பேக்கிங் பிதுங்கும். நம்மூர் மெக்கானிக்குகளின் சர்வரோக நிவாரணி அனபாண்ட். மெல்லிய கோடாகப் போட்டால் நல்லது. அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். ‘ஸ்டாப் லீக்’ திரவங்கள் காய்ந்த ரப்பரை உப்ப வைத்து கொஞ்ச நாள் ஓட்டும். கிழிந்த சீலுக்கு உதவாது. “கெட்டி ஆயில் ஊத்துங்க, நின்னுடும்” என்ற ஆலோசனையை, கையேட்டில் அந்த கிரேடு இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மலையில் டிப் ஸ்டிக் பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. சரிவில் நிறுத்திப் பார்த்தால் அது பொய் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். அதே கிரேடில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும்.

சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரிந்தால் ‘ஜமுனாமரத்தூர் இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்ற கணக்கு வேண்டாம். பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் இன்ஜினை அணையுங்கள். அளவு பார்த்து ஊற்றுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து சில விநாடிகளில் விளக்கு அணையாவிட்டால், அதோடு விட்டுவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். சிக்னல் கிடைக்காத வளைவுகளும் வழியில் உண்டு என்பதால், அந்த எண்ணை ஆலங்காயத்திலோ போளூரிலோ கேட்டு வாங்கி, ஏறும் முன்பே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.