உடலசைவுக் காணொளி விளையாட்டுகள்: போட்டியா, கூட்டு முயற்சியா?

இவை எவை?

கேமரா அல்லது உணரியின் உதவியால் உங்கள் கை, கால் அசைவுகளைக் கண்டறிந்து, அவற்றைத் திரையில் ஆட்டமாக மாற்றும் விளையாட்டுகளே உடலசைவுக் காணொளி விளையாட்டுகள். நடனம், குத்துச்சண்டை, பந்துவீச்சு, மிதிவண்டி ஓட்டுதல் எனப் பல வகைகள் உள்ளன. 2006-இல் வெளிவந்த நிண்டெண்டோ ‘வீ’, 2010-இல் வெளிவந்த ‘கினெக்ட்’ ஆகிய கருவிகள் இவற்றை வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

யாருக்கு உதவும்?

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதிகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோருக்குக் காலை நடைப்பயிற்சி எல்லா நாளும் இயலாது. அத்தகைய நாள்களில் வீட்டிற்குள் குடும்பத்தினருடன் ஆடும் 20 நிமிட விளையாட்டும் பயன்தரும்.

இரு முறைகளுக்கும் என்ன வேறுபாடு?

போட்டியில் ஒருவர் வெல்ல, மற்றவர் தோற்பார். கூட்டு ஆட்டத்தில் இருவரின் புள்ளிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இலக்கை எட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது இது.

1920-களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர், பெர்லின் படகோட்டிகளிடம் ஓர் உண்மையைக் கண்டார். இணைந்து எடை தூக்கும்போது, வலிமை குறைந்தவர் தனியாகச் செய்வதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். தம்மால் குழு தோற்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அவரை ஊக்குவித்தது. இருவரின் வலிமையிலும் இடைவெளி மிக அதிகமானால் இப்பயன் குறையும்.

அமெரிக்காவில் உடல் எடை மிகுந்த 54 வளரிளம் பருவத்தினரிடம் 20 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வு 2013-இல் வெளியானது. கூட்டாக ஆடியவர்கள் சராசரியாக 1.65 கிலோ எடை குறைந்தனர். ஆடாதவர்களின் எடை குறையவில்லை. போட்டியாக ஆடியவர்களிடம் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. இது சிறிய ஆய்வே என்பதையும் கருத்தில் கொள்ளவும்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

- பக்கவாதம், இதயநோய், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் கூட்டு ஆட்டமே ஏற்றது. பேரப்பிள்ளையுடன் போட்டியிடும் தாத்தா, தோற்கக் கூடாது என்று வலியை மறைத்து ஆடக்கூடும். தொடர்ந்து தோற்றால் பயிற்சியையே கைவிடக்கூடும்.
- உடல்நலமும் வலிமையும் ஏறத்தாழ ஒத்திருப்போருக்குப் போட்டி ஊக்கம் தரும்.
- போட்டியை விரும்பும் நோயாளி, தமது நேற்றைய புள்ளியுடன் போட்டியிடலாம்.

ஆடும்போது பேச முடிய வேண்டும். பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

- தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒப்புதல் பெறவும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.
- இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ஆடும் முன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்கவும். அளவு 100-க்குக் கீழ் இருந்தால் எந்த அளவு சிற்றுண்டி உண்ண வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டறியவும்.
- நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் ஆடக் கூடாது. ஆடிய பின் பாதங்களைப் பார்வையிடவும்.
- தரையிலுள்ள பாய், மின்கம்பி ஆகியவற்றை அகற்றவும். தடுமாறுபவருக்கு அருகில் உறுதியான நாற்காலி ஒன்றை வைத்து, நீங்களும் உடன் நிற்கவும்.
- விளையாடுவதால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பக்கவாத நோயாளிகளுக்கு இவ்விளையாட்டு இயன்முறைச் சிகிச்சையுடன் கூடுதலாகச் செய்யத்தக்கது. அதற்கு மாற்று அன்று.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், திடீர் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் அல்லது தளர்ச்சி இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும். நீரிழிவு நோயாளிக்கு நடுக்கமும் வியர்வையும் ஏற்பட்டு, அவர் நினைவுடன் இருந்தால் சர்க்கரை கலந்த நீர் கொடுக்கவும்.

உதவி எங்கே கிடைக்கும்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இல்லம் தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும். விளையாட்டில் எந்த அசைவைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியவும். கருவி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து நடந்து, காலடிகளை ஒன்றாகக் கூட்டி ஓர் இலக்கை எட்டுவதும் இதே ஊக்கத்தைத் தரும்.