ஒளிரும் எரிமலைக் கண்ணாடி: அறிந்து வாங்குவோம்

இணையவழி விற்பனையில் இந்நாளில் நவரத்தினங்களோடு புதிய பெயர் கொண்ட கற்கள் பலவும் இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று அப்சிடியன். நேராகப் பார்த்தால் கரிய நிறம். ஒளியில் சற்றே சாய்த்துப் பிடித்தால் சிலவற்றில் பொன்னிறமோ வெள்ளி நிறமோ மின்னும்; வேறு சிலவற்றில் பச்சையும் ஊதாவும் கலந்த வானவில் தோன்றும். இதன் இயல்பையும் உண்மையான மதிப்பையும் வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது நன்று.

அப்சிடியன் வழக்கில் கல் எனப்பட்டாலும், உண்மையில் இயற்கைக் கண்ணாடியே ஆகும். சிலிக்கா பெரும்பாலும் 70 விழுக்காட்டிற்கும் மேலாக உள்ள எரிமலைக் குழம்பு மிகவும் கெட்டியானது. அது விரைவாகக் குளிரும்போது படிகங்கள் வளர்வதற்கு இடமும் காலமும் கிடைப்பதில்லை. எனவே அது கண்ணாடியாக உறைந்துவிடுகிறது.

வண்ணத்திற்குக் காரணம் சாயமன்று. குழம்பு பாயும்போது அதிலுள்ள நுண்ணிய வளிக்குமிழிகள் ஒரே திசையில் நீண்டு அடுக்கடுக்காக அமைகின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே பொன்னிற, வெள்ளிநிற மினுக்கம். வானவில் வகையில் குமிழிகளுக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலப்படாத கனிமத் துகள்கள் மெல்லிய அடுக்குகளாக இருக்கின்றன. நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதைப் போன்றே இவ்வடுக்குகளும் நிறம் காட்டுகின்றன.

இவ்வகைக் கண்ணாடிக்குப் பெயர்பெற்ற நாடு மெக்சிகோ. அந்நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் வானவில் வகை கிடைக்கிறது. பச்சூகா பகுதியில் கிடைக்கும் கண்ணாடி பொன்மினுக்கம் கொண்ட பச்சை நிறத்திற்குப் புகழ்பெற்றது. அஸ்தெக் மக்கள் அப்சிடியனைத் தீட்டிக் கத்தியாகவும், மெருகேற்றி முகம் பார்க்கும் ஆடியாகவும் பயன்படுத்தினர். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியாரின் ஆலோசகரான ஜான் டீயின் உடைமை எனக் கருதப்படும் ஆடி ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதுவும் பச்சூகா பகுதியிலிருந்து வந்ததே என 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது.

நமக்கு அண்மையிலுள்ள சித்தூர், திருப்பதி மலைகளில் இக்கண்ணாடி கிடைக்குமா என வினவலாம். விடையை அம்மலைகளே கூறுகின்றன. திருமலைச் சரிவில் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கருங்கல்லின் மீது சுமார் 160 கோடி ஆண்டுப் பழமையுள்ள குவார்ட்சைட் பாறை அமர்ந்திருக்கிறது. இவ்விரு பாறைகளும் சந்திக்கும் இடம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. இயற்கைக் கண்ணாடியோ அத்துணைக் காலம் நிலைப்பதில்லை. அது சிறுகச் சிறுக நீரை உறிஞ்சி, நுண்படிகங்களாக மாறிவிடும். சில கோடி ஆண்டுகளைக் கடந்த அப்சிடியனே மிக அரிது. ஆகவே, இம்மலையில் விளைந்தது என்று கூறி எவரேனும் இதனை விற்க முற்பட்டால் அக்கூற்றை ஏற்க வேண்டுவதில்லை.

செயற்கைக் கண்ணாடியையும் இதனோடு மயங்கலாகாது. ‘கோல்டு ஸ்டோன்’ எனப்படும் பழுப்பு நிறப் பொருள், செப்புத் துகள்கள் மின்னுமாறு உலையில் ஆக்கப்படுவது. அதில் செப்புத் துகள்கள் தனித்தனிப் புள்ளிகளாக எங்கும் சிதறிக் காணப்படும். அப்சிடியனின் மினுக்கம் அவ்வாறன்றிப் படலமாக எழும். குறிப்பிட்ட கோணத்தில் தோன்றி, திருப்பினால் மறையும். இதன் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரையே. தெருப்புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7 ஆதலால், மோதிரத்தில் பதித்தால் விரைவில் கீறல் விழும். பதக்கமாக அணிவதே ஏற்றது.

இனி, வங்கி நோக்கில் ஒரு சொல். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. சேமிப்பாக எண்ணி வாங்குவதே தவறு. நகைக்கடனுக்கு மதிப்பிடும்போது கற்களின் எடை கழிக்கப்படுகிறது. மொத்த எடை 20 கிராம் உள்ள நகையில் கற்கள் 4 கிராம் எனில், கணக்கில் வருவது 16 கிராம் மட்டுமே. பதித்த கல் கண்ணாடியாயினும் மாணிக்கமாயினும் இதுவே முறை. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளும், நகையிலுள்ள பொன், வெள்ளியின் உள்ளார்ந்த மதிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும், கற்களின் மதிப்பைச் சேர்க்கலாகாது என்கின்றன.

ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கே சான்று. அதில் பதித்த கல்லுக்கு அன்று. எனவே, கல் பதித்த நகை வாங்குங்கால் பொன்னின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். கல்லுக்கும் பொன் விலை கொடுத்துவிட்டோமா என்பதை அந்த ஒரு தாளே காட்டிவிடும்.