பள்ளியோடு வெளிநாடு: பணம் கட்டும் முன் கேளுங்கள்

கலைத்திருவிழா, சிறார் திரைப்பட விழா போன்றவற்றில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழக அரசே வெளிநாடு அழைத்துச் செல்கிறது. தனியார் பள்ளிகளில் பெற்றோர் பணம் கட்டி அனுப்புகிறார்கள். பிள்ளைக்குத் தைரியம் வரும் என்ற நம்பிக்கையில்தான் அனுப்புகிறோம். பேருந்தில் இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறினால் அது வராது. ரயில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கைச்செலவுக்குக் கணக்கு வைப்பது, தெரியாதவரிடம் வழி கேட்பது என்று சின்னச் சின்னப் பொறுப்புகளைக் கொடுத்தால்தான் வரும். பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இருந்தால் ஆசிரியர்களும் அந்தப் பொறுப்பைத் தயங்காமல் கொடுப்பார்கள்.

பணம் கட்டும் முன்

தினசரி நிகழ்ச்சி நிரல், தங்குமிடம், உடன் வரும் ஆசிரியர்கள், பயணம் ரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். மாணவிகள் சென்றால் பெண் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். ரசீது பள்ளியின் பெயரிலா, டிராவல்ஸ் பெயரிலா என்று பாருங்கள். நாளை யாரிடம் கேட்பது என்பதை அதுதான் முடிவு செய்யும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். உங்கள் பான் எண்ணில் அது பதிவானால் வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

பயணக் காப்பீடு மருத்துவச் செலவை எவ்வளவு வரை ஏற்கும் என்று கேளுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று பிள்ளையிடமும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டிக்குள் போடக் கூடாது. வீட்டு மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். யாருடைய பொட்டலத்தையும் வாங்கிச் செல்லக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

போன இடத்தில்

அந்த ஊர்ச் சட்டம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். அங்கே காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். பிடிக்காத தொடுதலுக்கும் பயமுறுத்தும் சாகச விளையாட்டுக்கும், சொல்வது ஆசிரியரே ஆனாலும், “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு.

தவறு நேர்ந்தால்

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல்துறையில் புகார். பிறகு இந்தியத் தூதரகம். நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும். தூதரக உதவி தாமதமானால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் முறையிடலாம். பாலியல் சீண்டல் நடந்திருந்தால் மூடி மறைக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

சொன்ன விடுதி தரவில்லை, பணத்தைத் திருப்பவில்லை என்றால் டிராவல்ஸுக்கு முதலில் எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

புகார் எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன சொன்னார்கள், என்ன கிடைத்தது என்பதை நேரில் பார்த்தது பிள்ளைதான். நடந்ததைத் தேதிவாரியாகப் பிள்ளையே எழுதட்டும்.