சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து ரெங்கம் திரும்புகிறீர்கள். காலையில் 32 பிஎஸ்ஐ காட்டிய டயர், நெடுஞ்சாலையில் ஓடியபின் 37 காட்டுகிறது. ‘காற்று கூடிவிட்டது’ என்று இறக்கிவிடாதீர்கள்.

கூடியது காற்றல்ல, அதன் துகள்களின் வேகம். துகள்கள் ஓயாமல் சுவரில் மோதுவதே அழுத்தம் என்று 1738இலேயே டேனியல் பெர்னூலி விளக்கினார். சூடேறினால் அவை பலமாகவும் அடிக்கடியும் மோதும். டயரின் கொள்ளளவோ பெரிதாக மாறாது. அதனால் அழுத்தம் ஏறுகிறது. 27 டிகிரி செல்சியசில் 32 இருந்தால், 57 டிகிரியில் ஏறக்குறைய 37.

சூட்டில் இறக்கினால், ஆறியதும் அழுத்தம் தேவைக்குக் கீழே போகும். காற்று குறைந்த டயர் அதிகம் வளைந்து, மேலும் சூடாகி, வெடிக்கவும் கூடும். புறப்படும் முன், டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள். பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கிறார்கள்.